டில்லியின் திட்டம் நம் தெருவுக்கு வர வேண்டாமா?

(மாணவர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசாத கூட்டம் நம்மிடையே இல்லை. 'படியுங்கள்' என்று முழங்கிவிட்டுக் கைதட்டல் வாங்கிச் செல்வது எளிது. இன்று நான் ஒரு கணக்கோடு வந்திருக்கிறேன். நீங்கள் வியாபாரிகள், கணக்கு உங்களுக்குப் புரியும்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவன் ஒரு தேர்வு எழுதுகிறான். தேர்வு பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். மத்திய அரசு 2008-ல் தொடங்கிய என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை இது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர். தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். உங்கள் தெருவில் இதுவரை எத்தனை பிள்ளைகள் இந்தத் தேர்வை எழுதினார்கள்? விரல் விட்டு எண்ண முடிகிறதா? எண்ண விரலே தேவையில்லை என்றால், குறை எங்கே இருக்கிறது என்று சிந்திக்க வேண்டாமா?

கொள்கை பிறந்த வரலாறு

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். அவர் அமைச்சராக இருந்தபோதுதான் 1951-ல் கரக்பூரில் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கியது. உச்சியில் உயர்கல்வி நிறுவனம் எழுந்தது. அடித்தளமான பள்ளி என்ன ஆயிற்று?

1964 முதல் 1966 வரை ஆய்வு செய்த கோத்தாரி கல்விக் குழு அந்தக் கேள்விக்கு விடை சொன்னது. முதல் பத்து ஆண்டுப் படிப்பில் அறிவியலும் கணிதமும் எல்லா மாணவருக்கும் கட்டாயம் என்றது. நாட்டின் வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்றும் சொன்னது. 1968-ல் முதல் தேசியக் கல்விக் கொள்கை வந்தது. 1986-ல் இரண்டாவது கொள்கை. அதையொட்டி 1987-88-ல் பள்ளிகளுக்கு அறிவியல் கருவிப் பெட்டிகள் வழங்கவும் ஆய்வுக்கூடங்களை மேம்படுத்தவும் தனித் திட்டம் போடப்பட்டது. 2020-ல் மூன்றாவது கொள்கை. ஆறாம் வகுப்பிலிருந்தே கணினி நிரல் எழுதும் பயிற்சி, தொழில் அறிமுகம் என்றெல்லாம் அது பேசுகிறது. அதே கொள்கை ஆவணம், நாடு கல்விக்குச் செலவிடுவது சுமார் 4.43 விழுக்காடு என்று ஒப்புக்கொண்டு, 6 விழுக்காடு வேண்டும் என்று மீண்டும் எழுதியிருக்கிறது. கோத்தாரி சொன்னதை அரை நூற்றாண்டுக்குப் பின்னும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்!

வணிகனுக்கு அறிவியல் எதற்கு?

'பத்தாவது முடித்தால் போதும். கல்லாவில் உட்காரட்டும்' என்று சொல்கிற தகப்பனார்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத் தோல் தொழிலை நீங்கள் அறிவீர்கள். 1989-ல் ஜெர்மனி, பென்டாகுளோரோபீனால் என்ற ஒரு பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க நம் பதனிடும் தொழிலில் பயன்பட்ட பொருள் அது. ஒரு வேதிப்பொருளின் பெயர், கப்பலேறிய சரக்கின் தலைவிதியை முடிவு செய்தது. பின்னர் 1996 ஆகஸ்டில் பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாத ஆலைகள் இயங்கக் கூடாது என்றது; வடாற்காடு உள்ளிட்ட மாவட்டங்களின் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

அன்று வணிகத்தைக் காப்பாற்றும் வழி வேதியியலில்தான் இருந்தது. சென்னை அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே போய் விவரமாகக் கேட்கவும், கேட்டதைப் புரிந்துகொண்டு ஆலையில் செய்யவும், வீட்டுக்கு ஒரு பையன் வேதியியல் படித்திருந்தால் எவ்வளவு பலம்! இன்று உணவுப்பொருள் விற்பவருக்கும் துணி ஏற்றுமதி செய்பவருக்கும் பரிசோதனைச் சான்று இல்லாமல் வியாபாரம் நகர்வதில்லை. அறிவியல் படிப்பு கடையை விட்டுப் பிள்ளையைப் பிரிக்கும் என்று அஞ்சாதீர்கள். கடையைக் காப்பதும் அதுதான்.

உதவி யாருக்குக் கிடைக்கிறது?

இப்போது நடைமுறைக்கு வருவோம். பள்ளி மாணவருக்கு இருக்கும் முக்கிய உதவிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, நான் சொன்ன என்.எம்.எம்.எஸ். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளி மாணவருக்கு மட்டுமே உண்டு.

இரண்டாவது, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் விருது. ஆறாம் வகுப்பு முதல் படிக்கும் மாணவர்கள் தம் சொந்தக் கண்டுபிடிப்பு யோசனையை அனுப்பலாம். ஒரு பள்ளி ஐந்து யோசனைகளை அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய். இதற்குத் தனியார் பள்ளியும் தகுதியுடையதே.

மூன்றாவது, 2016-ல் நிதி ஆயோக் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடம். முப்பரிமாண அச்சுப்பொறி, மின்னணுக் கருவிகள், ரோபோ செய்யும் உதிரிகள் வைத்துப் பிள்ளைகள் கையால் செய்து பழகும் இடம் அது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். இத்தகைய 10,000 கூடங்கள் அமைந்தன. 2025 பட்ஜெட்டில் ஐந்து ஆண்டுகளில் 50,000 கூடங்கள் என்று அறிவித்தார்கள். அவையும் அரசுப் பள்ளிகளுக்கு.

நான்காவது, நம் மாநிலம் தந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் முதலிய படிப்புகளுக்கு 2021-ல் வந்தது.

இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். உதவியின் பெரும்பகுதி அரசுப் பள்ளியின் வாசலில் குவிந்திருக்கிறது. நாமோ, கடன் வாங்கியாவது பிள்ளையைச் சுயநிதி ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டுப் பெருமைப்படுகிறோம். அங்கே கட்டணமும் கட்டுகிறோம். இங்கே கிடைக்கும் உதவியையும் இழக்கிறோம். இரட்டை நட்டம்! வசதி உள்ளவர் எங்கே சேர்த்தாலும் சரி. மூட்டை தூக்கும் தொழிலாளியும் சைக்கிள் கடைக்காரரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சேர்க்கும்போதே இதை அவர்களுக்குச் சொல்வதற்கு ஊரில் ஓர் ஆள் இல்லை என்பதுதான் வேதனை.

அரசிடம் நாம் கேட்பது

நம் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு அரசைத் தப்பிக்க விட மாட்டேன். 2006-ல் சச்சார் குழு என்ன சொன்னது? 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கினர் பள்ளிக்கே போகவில்லை, அல்லது பாதியில் நின்றவர்கள் என்றது. நாட்டின் முதன்மைக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு மாணவர் 25 பேரில் ஒருவர்தான் முஸ்லிம் என்றது.

இந்த நிலையில் இருக்கும் சமுதாயத்துக்கு என்ன செய்தார்கள்? 2022-ல், சிறுபான்மையினருக்கான பள்ளி உதவித்தொகையை ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நிறுத்தினார்கள். அதே ஆண்டு மௌலானா ஆசாத் பெயரிலான ஆய்வு உதவித்தொகையையும் நிறுத்தினார்கள். 1963-ல் டில்லியில் அறிவியல் திறன் தேடலாகத் தொடங்கி வளர்ந்த தேசியத் திறனறித் தேர்வும் 2021-க்குப் பின் நிறுத்தி வைக்கப்பட்டது. பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் சேர ஒப்பவில்லை என்ற காரணத்துக்காகத் தமிழ்நாட்டுக்கு 2024-25-ல் வர வேண்டிய 2,152 கோடி ரூபாய்ப் பள்ளிக்கல்வி நிதியை மத்திய அரசு தராமல் வைத்தது. கொள்கையில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதற்காகப் பிள்ளையின் பங்கைப் பிடித்து வைப்பது எந்த நியாயம்?

பள்ளிக்கல்விக்கு உதவி என்பது அரசின் தயவு அல்ல, நாம் கட்டும் வரியின் திரும்பு முகம். நிறுத்திய உதவித்தொகையைத் திரும்பத் தரக் கேட்போம். 6 விழுக்காட்டைக் கேட்போம். ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்போம்.

நாம் செய்ய வேண்டியது

கேட்டுக்கொண்டே, நம் கையில் உள்ளதையும் செய்வோம்.

இளைஞர்களே! உங்கள் பகுதி அரசுப் பள்ளியின் பள்ளி மேலாண்மைக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நம் தாய்மார்கள் அதில் இடம்பெறட்டும். ஆய்வுக்கூடம் திறந்திருக்கிறதா, இந்த ஆண்டு ஐந்து யோசனைகள் போயினவா என்று அவர்கள் கேட்கட்டும். பட்டதாரி இளைஞர்கள் நான்கு பேர் சேர்ந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் என்.எம்.எம்.எஸ். பயிற்சி கொடுங்கள். செலவு ஒரு கரும்பலகையும் சாக்குக்கட்டியும்தான்.

பள்ளி நடத்தும் நிர்வாகிகளே! உங்கள் பெண்கள் பள்ளியில் மேல்நிலை அறிவியல் பிரிவு உண்டா? இல்லையென்றால் அந்தப் பெண்பிள்ளை வெளியூர் போக வேண்டும்; பல வீடுகளில் படிப்பு அங்கேயே நின்றுவிடும். புதுக் கட்டடத்துக்கு முன் அந்தப் பிரிவையும் ஆய்வுக்கூடத்தையும் தொடங்குங்கள்.

வணிகப் பெருமக்களே! 1919-ல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951-ல் திருச்சி ஜமால் முகமது கல்லூரி, அதே ஆண்டில் சென்னை புதுக்கல்லூரி. இவையெல்லாம் உங்கள் முன்னோர் வியாபாரத்தில் ஈட்டிய பணத்தைக் கொடையாகத் தந்ததால் எழுந்தவை. உங்களிடம் கல்லூரி கேட்கவில்லை. ஒரு பள்ளிக்கு ஒரு நுண்ணோக்கி, ஓர் ஆய்வக உதவியாளரின் சம்பளம், தேர்வு எழுதப் போகும் பிள்ளைக்குப் பேருந்துக் கட்டணம். இவ்வளவுதான் கேட்கிறேன்.

ஜமாஅத் பெரியோர்களே! ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இந்தத் தேர்வுகளின் விண்ணப்பத் தேதியை எழுதிப் போடுங்கள். அடுத்த ஆண்டு இதே கூட்டம் கூடும்போது, நம் ஊரில் தேர்வு எழுதிய பிள்ளைகளின் எண்ணிக்கையைச் செயலாளர் எழுந்து வாசிக்கட்டும். அந்த எண்ணிக்கையைக் கேட்க நானும் வருகிறேன்.