மாதிரித் தாங்கியிற் கறள்



இரண்டாம் உலக மகாயுத்தத்திற் சோவியத் படையினர் செலுத்திய ரி-34 என்னும் யுத்த தாங்கியை, 35 இல் ஒரு பங்கு அளவில், மாதிரியாகச் செய்தேன். உடலெங்கும் கபில வர்ணத்தை அப்பிக் கறள் ஏற்றினேன். இயந்திரத் தொழிலிற் பழகிய உறவினர் ஒருவர் அதைப் பார்த்து, "தம்பி, இது போருக்குப் போகிற வண்டியா, கடலுக்குள் கிடந்து எடுத்த வண்டியா?" என்றார். எனக்கு நா எழவில்லை.

அவர் கேட்டது நியாயமே. போர்முனைக்குச் சென்ற தாங்கிகள் பல சில மாதங்களிலேயே அழிந்தன. கறள் ஆழப் பற்றுவதற்கு அவற்றிற்கு ஆயுள் ஏது? வர்ணம் தேய்ந்தது மனிதர் கைகாலாலேதான்: வாயில் மூடிகளின் விளிம்பிலும், காலாட்படையினர் ஏறியமர்ந்து சென்ற பின்தளத்திலும். மெய்யான கறளுக்கு உரிய இடம் புகைக்குழாய். வெப்பம் அங்கே வர்ணத்தைத் தீய்த்துவிடும். சங்கிலிப் பட்டையோ நிலத்தில் உரசுமிடத்திற் பளபளக்கும். ஏனைய இடங்களிற் கபிலமேறும்.

அளவையும் மறத்தலாகாது. மாதிரியில் 1 மில்லிமீற்றர் அகலமான சிராய்ப்பு, உண்மைத் தாங்கியில் 35 மில்லிமீற்றர். ஏறக்குறைய இரு விரற்கடை! ஆகவே ஸ்பொஞ்சைப் பிய்த்து, கருங்கபில வர்ணத்தில் தோய்த்து, பெரும்பகுதியைக் கடதாசியில் ஒற்றியெடுத்த பின்னரே விளிம்புகளைத் தொடவேண்டும்.

பனிக்காலத் தாங்கி செய்வதே எனக்குப் பெருவிருப்பம். பச்சை நிறத்தின்மேல் அவசரமாகப் பூசப்பட்ட வெள்ளை அது. முதலிற் பச்சையடித்து, காய்ந்தபின் வார்னிஷ் பூசுங்கள். அதன்மேல், கூந்தல் கலையாதிருக்கப் பெண்கள் விசிறும் 'ஹெயார் ஸ்பிரே' என்னும் திரவத்தை விசிறுங்கள். அது உலர்ந்ததும் அக்ரிலிக் வெள்ளையை மெல்லிதாகப் பூசி, சற்றுப் பொறுத்து, நீர் தொட்ட விறைத்த தூரிகையாற் தேயுங்கள். அடியிலுள்ள திரவம் நீரிற் கரைய, வெள்ளை செதில் செதிலாக உரியும். உரிந்த இடத்திற் தெரியவேண்டியது பச்சை, கறளன்று. கைதேர்ந்தவர்களும் இங்கே தவறுவதுண்டு.

கறள் வழிந்த கோட்டுக்கு, எண்ணெய் வர்ணத்தில் ஊசிமுனையளவு புள்ளியிட்டு, டேர்ப்பன்டைன் தொட்ட தூரிகையால், மழைநீர் வழியும் திசையிற் கீழே இழுத்தாற் போதும்.

இரண்டாவது தாங்கியையும் அவரிடம் காட்டினேன். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்காப்புத் தகட்டில் விரலை வைத்து, "இங்கே ஏன் பூச்சுப் போயிற்று?" என்றார்.

"ஏறும்போது காலூன்றும் இடம், அண்ணை," என்றேன்.