நினைத்த சீட்டு



அண்மையில் இத்தில்லியில் நம் காலனிக்கு வந்த ஒருவர், அன்னை ஒருவர் நினைத்த சீட்டைச் சரியாக எடுத்துக் காட்டினார். பின்னர் அவர்தம் மகளின் திருமணத்திற்கும் தீங்கு கூறிப் பணம் பெற்றார். அவ்வன்னை இன்றும் கலங்கியிருக்கிறார்.

அவ்வித்தையின் பிறப்பிடம் கணக்கு. 21 சீட்டுகளை ஒவ்வொன்றாக மாறிமாறி 3 வரிசைகளில் வைத்து, நினைத்த சீட்டுள்ள வரிசையை நடுவில் இட்டு அடுக்குக. மும்முறை இவ்வாறு செய்யின் அச்சீட்டு 11-ஆவதாக நிற்கும். முதன்முறை ஏழனுள் ஒன்று, அடுத்து மூன்றுக்கு மிகாதவற்றுள் ஒன்று, முடிவில் அதுவே.

1612-இல் பிரெஞ்சு அறிஞர் பாஷே தம் கணக்கு விளையாட்டு நூலில் இவ்வகை வித்தையை விளக்கினார். பின்னாளில் கெர்கோன் அதன் விதியை விரித்தார்.

மனத்தை எவரும் படிக்கவில்லை. வரிசையை நாமே மும்முறை சொல்லிவிடுகிறோம். இதனை இன்றிரவே நம் குழந்தைகளுக்குக் கற்பிப்போமாக.