முதல் நாள் மதிப்பெண்

தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டும். புண் ஆறினால் அதுவும் வற்றிவிடும். வற்றாமல் பெருத்துக்கொண்டே போய், பயாப்ஸியில் வேகமாக வளரும் லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்று வந்துவிட்டால், வீட்டார் கேட்பது ஒன்றுதான்: "பிழைச்சுக்குவாரா டாக்டர்?"

இதற்கு எண்ணால் பதில் சொல்லும் முறை 1993-ல் வந்தது. அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவில் சிகிச்சை பெற்ற 2,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை அலசி, ஐந்து கேள்விகளைப் பொறுக்கி எடுத்தார்கள். வயது 60-ஐத் தாண்டிவிட்டதா? நோய் மார்புக்கூடு, வயிறு என உதரவிதானத்தின் இரு பக்கமும் பரவிவிட்டதா? நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகளில் இருக்கிறதா? ரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதி கூடியிருக்கிறதா? செல்கள் சிதையும்போது வெளியேறும் பொருள் அது. வெறிகொண்டு வளரும் கட்டியில் செல்கள் மடிவதும் அதிகம்.

ஐந்தாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். வேலைக்குப் போய்வருகிறாரா, வேலையை விட்டுவிட்டுத் தன் குளியல், சாப்பாட்டை மட்டும் பார்த்துக்கொள்கிறாரா, அதற்கும் கைத்தாங்கலாக ஆள் வேண்டுமா? நோயாளி அறைக்குள் நடந்து வருவதிலேயே அனுபவசாலி டாக்டருக்குப் பாதி விடை தெரிந்துவிடும்.

'ஆம்' ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்; ஐந்தாவது கேள்வியில் வேலையை விட்டுவிட்ட நிலையிலிருந்தே அது 'ஆம்'. இங்கே மதிப்பெண் குறைந்தால்தான் நல்லது. பூஜ்யமோ ஒன்றோ பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குப் பின் 73 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நான்கு, ஐந்து என்றால் 26 சதவீதம்தான்.

இந்த 26-ஐ செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு இடிந்துபோகிறவர்கள் உண்டு. ஆனால் 1993 கணக்கில் இருந்த நோயாளிகள் 1980-களில் சிகிச்சை பெற்றவர்கள். ரிட்டுக்சிமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1997-ல்தான். அதை வழக்கமான கீமோவோடு சேர்த்துக் கொடுத்த 365 பேரை வைத்து, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2007-ல் மறுபடி கணக்குப் போட்டார்கள். மூன்று அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெற்றவர்களிலும் நான்காண்டுக்குப் பின் 55 சதவீதம் பேர் இருந்தார்கள். தொகுத்த விதம் சற்று வேறு என்றாலும், பழைய அட்டவணை பழையதாகிவிட்டது என்பதில் சந்தேகமில்லை.

குறைகளும் இருந்தன. 61 வயதில் வயலில் இறங்கி வேலை செய்கிறவருக்கும், 80 வயதுக்காரருக்கும் வயதுக்கு அதே ஒரு மதிப்பெண்தானா? நியாயமில்லை. 2014-ல் வந்த திருத்தம் 40, 60, 75 என வயதைப் படிப்படியாகப் பிரித்தது.

இந்த மதிப்பெண் நூறு பேரைப் பற்றிச் சொல்லும். அந்த நூறில் நம் வீட்டு ஆள் யார் என்று அதற்குத் தெரியாது. அதுவும் சிகிச்சை தொடங்குமுன் போட்ட கணக்கு. ரிட்டுக்சிமாப் கலந்த சிகிச்சை வந்த பிறகு நடந்த ஆய்வு ஒன்று, நோய் கண்டறிந்து இரண்டு ஆண்டுகள் அது திரும்பாமல் கடந்தவர்களின் ஆயுள், அதே வயதுள்ள மற்றவர்களின் ஆயுளுக்கு ஏறத்தாழ சமமாகிவிடுகிறது என்று காட்டியது. ஆகவே அப்படிக் கடந்துவிட்ட ஒருவர் அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, "அன்னிக்கு எனக்கு எவ்வளவு மார்க் போட்டீங்க?" என்று கேட்பதைவிட, "இப்ப என் நிலைமை என்ன டாக்டர்?" என்று கேட்கலாம். அதற்கு வரும் பதில் பெரும்பாலும் வேறாகத்தான் இருக்கும்.