சேலைக்கு முந்தி, பிள்ளைக்குப் பிந்தி



மோட்டார் சைக்கிளில் போகிற குழந்தையைக் காப்பது பெற்றோரின் கவனமா, கருவியா? கருவியே என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் உருக்கமாகக் கேட்டார்: "பெத்தவ இறுக்கிப் பிடிச்சா போதாதா?" நீங்களும் கைதட்டினீங்க. ஒரு கணக்குப் போடுறேன், அப்புறம் தட்டுங்க. வண்டி 40 கிலோமீட்டர் வேகம். குழந்தை 10 கிலோ. மோதிய வண்டி பத்தில் ஒரு விநாடியில் நிற்கிறது. அந்த நொடியில் பிள்ளையைப் பிடித்து நிறுத்த, 110 கிலோ மூட்டையைத் தூக்குகிற பலம் வேண்டும். எந்தத் தாய்க்கு ஐயா அந்தக் கை இருக்கு? பாசத்தைக் குறை சொல்லலை. கையோட பலத்தைச் சொல்றேன். (கைதட்டல்)

"டேங்க் மேல உட்கார வெச்சு அப்பா அணைச்சுக்கிட்டா?" என்றார். மோதினால் அப்பாவின் 70 கிலோவும் முன்னால் பாயும். முன்னே ஹேண்டில்பார், பின்னே அப்பா, நடுவிலே பிள்ளை. இது அணைப்பா? கரும்பு மெஷின்!

நடுவர் அவர்களே, பின்னால் உட்காருகிறவர் துணி சக்கரத்தில் சிக்காமல் தடுப்பு வைக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளே சொல்லிவிட்டன. சேலைக்கு அன்றே காவல். பிள்ளைக்கு? 2022 பிப்ரவரியில் அறிவித்து, 2023 பிப்ரவரியில் நடைமுறை! சேலைக்கு 33 வருஷம் தம்பி நம்ம பிள்ளை! (பலத்த கைதட்டல்)

அந்த விதி என்ன சொல்கிறது? நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அங்கி. அதிலுள்ள பட்டைகளை ஓட்டுபவர் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். 30 கிலோ தாங்க வேண்டும். ஒன்பது மாதம் முதல் தலைக்கவசம். வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது.

வழியிலே தூங்கிப்போன பிள்ளையின் கை தளரும், பட்டை தளராது. ஆனால் இதோடு நிறுத்தலாமா? சும்மா தொங்குகிற 30 கிலோ வேறு, மோதும்போது இழுக்கிற 110 கிலோ வேறு. வடிவமைக்கிறவர்கள் அந்த இழுப்பையும் தாங்குகிற பட்டையைச் செய்து, சோதித்துத் தரவேண்டும். கடையிலே கலர் பார்த்து வாங்குற சாமான் இல்லை இது!

நம்ம கவனம் நம்ம கையில. எதிரே வர்ற லாரிக்காரர் கவனம் யார் கையில? கவனம் தவறுகிற அந்த ஒரு நொடிக்காகத்தான் கருவி. ஆகவே கருவியே என்று தீர்ப்புத் தருமாறு கேட்டு அமர்கிறேன்.