போட்டியின் நீதியும் மனிதரின் மானமும்



2022 மார்ச்சில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடைபெற்ற கல்லூரி மகளிர் நீச்சல் போட்டியில், 500 கெஜப் பிரிவில் லியா தாமஸ் என்னும் திருநங்கை முதலிடம் பெற்றார். அதையொட்டி மூண்ட விவாதத்தில் இரு வேறு வினாக்கள் ஒன்றாகக் கலக்கப்படுவதைக் காண்கிறோம்.

முதலாவது, போட்டியின் நீதி. ஆணாகப் பருவமடைந்த உடல் அடைந்த உயரமும் எலும்பமைப்பும் பின்னர் உண்ணும் மருந்தால் மாறுவதில்லை. ஆகவே, அவ்வாறு பருவமடைந்தோருக்குப் பெண்கள் பிரிவில் இடமில்லை என உலக நீச்சல் சம்மேளனம் 2022 ஜூனிலும், உலகத் தடகள அமைப்பு 2023 மார்ச்சிலும் முடிவு செய்தன. இதனை நாம் நியாயமென்றே கொள்கிறோம்.

இரண்டாவது, உடை மாற்றும் அறை. இது வலிமை பற்றியதன்று, நாணம் பற்றியது. பிறர் முன் உடை களையக் கூசும் பெண்ணின் வெட்கமும் மதிக்கப்பட வேண்டும். ஏளனத்திற்கு அஞ்சும் திருநங்கையின் மானமும் காக்கப்பட வேண்டும். தாழிடக்கூடிய தனித்தனி அறைகள் இருவர் துயரையும் தீர்க்கும்.

2023 அக்டோபரில் பெர்லின் நகரப் போட்டியில் நீச்சல் சம்மேளனம் திறந்த பிரிவொன்றை அறிவித்தது. ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. கதவைத் திறப்பதோடு கடமை முடிந்துவிடாது. களத்தில் விதி கண்டிப்பாக இருக்கட்டும்; நம் நாவில் இழிசொல் இல்லாதிருக்கட்டும்.