பூண்டு உரிக்கிற நேரம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கொடைக்கானலுக்கு மேலே போளூரிலிருந்து வருகிறேன். எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மார்கழி, தை வந்தால் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அப்போது எங்கள் வீட்டில் பூண்டுக் குழம்புதான். பச்சைப் பட்டாணி கிடைத்தால் அதுவும் சேரும். சின்னச் சின்னப் பல், உரிக்க ஒரு மணி நேரம் ஆகும். பரவாயில்லை, என் மகள் வாய் திறந்து பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான்!

குழந்தைகளுக்குக் கம்பளிக் குல்லா பின்னி இலவசமாகக் கொடுப்பது என் வழக்கம். பக்கத்து மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் நான் பின்னுவது கடை நூலில். அது கிடக்கட்டும்.

போன தையில் பத்தொன்பது குல்லா முடித்துப் பெருமையாக அடுக்கி வைத்தேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே, "ஏம்மா, என் ஸ்வெட்டர் முழங்கை கிழிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, தெரியுமா?" என்றாள்.

தெரியாது. தினமும் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறேன். கண்ணில் படவே இல்லை.

"சொல்லியிருக்கலாமே கண்ணு?"

"நீதான் எண்ணிக்கிட்டே இருக்கியே, நடுவுல பேசினா கண்ணி தப்பிடும்னு திட்டுவே."

அன்று குழம்பு அடிப்பிடித்தது. இருபதாவது குல்லாவுக்கு வைத்திருந்த நூலில் முழங்கையை அடைத்தேன். நிறம் ஒட்டவில்லை. அதைத்தான் போட்டுக்கொண்டு, இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.