பாட்டுப்பெட்டியும் கணினியும் பேசாமல் போனால்



இந்த நேரத்தில் நான் வழமையாக வரி, வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு என்று கதைப்பவன். இன்றைக்கு அந்தக் கோப்புகளை மூடி வைத்துவிட்டு ஒரு ஐபொட்டைப் பற்றிச் சொல்லப் போகிறேன். வீட்டு அலமாரியில் பழைய ஐபொட்டோ வேறு எம்பி3 கருவியோ வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

சென்ற செப்டெம்பர் கடைசி ஞாயிறு ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போயிருந்தேன். பலெர்மோவின் வடமேற்கு ஓரத்தில், கப்போ காலோ மலையடியில் இருக்கும் மீனவர் குடியிருப்பு அது. அன்று அங்கே கொஸ்மா, தமியானோ என்ற இரு புனிதர்களின் திருவிழா. இளைஞர்கள் வெறுங்காலோடு சுரூபங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஆடி ஓடுவார்கள். பார்க்கிற நம்மவர்களுக்கு ஊர்க் கோயில் வீதி ஞாபகம் வராமல் போகாது. அந்த இரண்டு புனிதர்களும் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர்களாம். கணக்காளனாகிய எனக்கு அது கொஞ்சம் சங்கடமான செய்திதான்.

விழா முடிந்து, கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு அக்கா வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா ஒரு சின்ன, சதுரமான ஐபொட் நானோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். 2007 செப்டெம்பரில் வந்த வகை.

"தம்பி, இதுக்குள்ள அப்பா இருக்கிறார். கம்பியூட்டருக்கு எடுக்கேலாமக் கிடக்கு" என்றார்.

கதை இதுதான். அக்காவின் தகப்பனார் பருத்தித்துறையில் இருந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மகளுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி அனுப்பியிருக்கிறார். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் வர முடியாது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்ட காலம் அது. அக்காவின் தகப்பனாரும் அப்படித்தான் பேசிப் பதிந்தார். பிறகு கிளாலிக் கடல்நீரேரி தாண்டிக் கொழும்புக்குப் போகிற யாரோ ஒருவரின் கையில் கசெற்றைக் கொடுத்துவிடுவார். 2008இல் அக்காவின் மகன் எல்லாக் கசெற்றையும் கணினியில் ஏற்றி, அதிலிருந்து ஐபொட்டுக்குப் போட்டுக் கொடுத்தான். அதன் பிறகு வீடு மாறியதில் கசெற் பெட்டி தொலைந்தது. கணினியும் பழுதாகிக் குப்பைக்குப் போனது. தகப்பனாரும் இப்போது இல்லை. மிஞ்சியது மேசையில் கிடந்த அந்தச் சதுரம் மட்டும்.

காதுக்குள் செருகினால் பாடுகிறது. கணினியில் செருகினால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கடைக்காரர், "ரிப்ரிஸ்தினா பண்ணினால் சரியாகும்" என்று சொல்லியிருக்கிறார். அக்கா ஏனோ அதைச் செய்யாமல் விட்டுவிட்டார். நல்லவேளை. அந்தப் பொத்தானை அழுத்தினால் கருவி கடையில் வாங்கிய நாளின் நிலைக்குப் போய்விடும். உள்ளே ஒரு ஓசையும் மிஞ்சாது.

இந்த இடத்தில் என் தொழில் மொழியில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாட்டுப்பெட்டியையும் கணினியையும் ஒத்திசைப்பது என்றால், இரண்டு பக்கத்தையும் பார்த்து விடுபட்டதைச் சேர்க்கும் வங்கி இணக்கக் கூற்று மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஐபொட்டைப் பொறுத்தவரை கணினியில் இருக்கும் ஐரியூன்ஸ் நூலகம்தான் பேரேடு. கருவி அதன் நகல். பேரேட்டில் இல்லாதது நகலிலும் இருக்கக் கூடாது என்பது அதன் சட்டம். பழைய கணினி செத்து, புதுக் கணினியில் வெறும் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒத்திசைத்தால், இருக்கிற ஒரே நகலும் வெறுமையாகிவிடும். இயந்திரம் பிழை செய்யவில்லை. சொன்னதைத்தான் செய்தது.

ஆகவே கணினிப் பக்கமே போகாமல் ஒரு வேலை செய்தேன். காது வயர் செருகும் துளையிலிருந்து ஒரு மூன்றரை மில்லிமீற்றர் வயரை, நிலையத்துக்காக நான் வைத்திருக்கும் ஒலிப்பதிவுக் கருவிக்குக் கொடுத்து, ஓடவிட்டுப் பதிந்தேன். மூன்று மணித்தியாலப் பேச்சைப் பதிய மூன்று மணித்தியாலம்தான் எடுக்கும். குறுக்குவழி கிடையாது. ஐபொட்டின் சத்தத்தை உச்சத்தில் வைக்காமல் முக்கால்வாசியில் வைத்தால் கரகரப்பு வராது. பதியும் கருவி இல்லாதவர்கள், ஒலி உள்வாங்கும் துளையுள்ள கணினியில் ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருளைப் போட்டும் இதைச் செய்யலாம். கருவி பாடும் வரைக்கும் குரலைக் காப்பாற்ற வழி இருக்கிறது. அதை முதலில் செய்துவிட்டுத்தான் நோண்ட வேண்டும். அக்கா அதற்குள் புட்டு அவித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு திரும்பப் போனேன். இப்போது கை நடுக்கம் இல்லை.

முதல் சந்தேகம் வயர். யூ.எஸ்.பி வயருக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவு வயர்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே இருக்கும். செருகினால் பற்றரிப் படம் வரும், சார்ஜ் ஏறும், கணினிக்கு மட்டும் எதுவும் தெரியாது. அக்காவின் வயர் அந்தச் சாதிதான். பழைய ஐபொட்டுகளுக்கு முப்பது முனைகள் கொண்ட அகலமான செருகி. 2012இல் அது மாறிவிட்டபடியால் இப்போது நல்லதாக ஒன்று தேடுவது கொஞ்சம் கஷ்டம். என் லாச்சியில் ஒன்று கிடந்தது. அதோடு, கணினியில் நேரடியாகச் செருகுங்கள். விசைப்பலகையில் இருக்கும் துளையிலோ, ஒன்றை நான்காக்கும் பெட்டியிலோ செருக வேண்டாம். அங்கே மின்சாரம் போதாமல் போகலாம்.

வயரை மாற்றியும் விட்டுவிட்டுத்தான் வந்தது. துளையைக் கைவிளக்கால் பார்த்தேன். பச்சைப் பூ மாதிரி ஒரு படிவு. கடல் காற்று. ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஜன்னல் கம்பியைத் தின்னும் உப்பு இதை மட்டும் விடுமா? கருவியை நிறுத்திவிட்டு, மரப் பல்குச்சியின் நுனியில் ஐசோபுரொப்பில் அல்ககோல் துளி தொட்டு மெதுவாகத் துடைத்தேன். ஊசி, குண்டூசி ஒன்றும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகுதான் திரும்பச் செருகினேன்.

சிலருடைய கருவி உறைந்துபோய் நிற்கும். கீழேயோ மேலேயோ இருக்கும் பூட்டு விசையை ஒருமுறை பூட்டித் திறந்து, 'மெனு'வையும் நடுப் பொத்தானையும் ஆறிலிருந்து எட்டு விநாடி சேர்த்து அழுத்தினால் அப்பிள் சின்னம் வந்து மீண்டும் தொடங்கும். சக்கரப் பொத்தான் வைத்த வகைகளுக்கு இது. இப்படி மறுதொடக்கம் செய்வதால் பாட்டு அழியாது. கடைக்காரர் சொன்ன ரிப்ரிஸ்தினா வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயப்பட வேண்டாம், ஒன்றாக நினைத்துத் துணியவும் வேண்டாம். சின்னம் வந்தவுடன் நடுப் பொத்தானையும் ஓட்டப் பொத்தானையும் சேர்த்துப் பிடித்தால் கருவி வெறும் சேமிப்புத் தட்டாகக் கணினிக்குத் தன்னைக் காட்டும். பிடிவாதமான கருவிகளுக்கு இது நல்ல மருந்து.

இன்னொரு ஆபத்து. அப்பிள் கணினியில் தொடங்கி வைத்த ஐபொட்டை விண்டோஸ் கணினியில் செருகினால், அதன் ஒழுங்கமைப்பு விண்டோசுக்கு விளங்காது. தட்டு வெறுமை, ஒழுங்கமைக்கவா என்று மரியாதையாகக் கேட்கும். சம்மதித்தால் முடிந்தது. வேண்டாம் என்று சொல்லி, அப்பிள் கணினி வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் போங்கள். இங்கே ஒரு மொழிக் குழியும் இருக்கிறது. இத்தாலியக் கணினியில் 'கன்செல்லா' என்று வந்தால் அது ஆங்கிலத்துக் 'கான்சல்' அல்ல. அழி என்று பொருள். வேண்டாம் என்பதற்கு 'அன்னுல்லா'. லண்டனில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு இங்கே வந்த எனக்கே அவசரத்தில் கை தவறான பக்கம் போய்ப் பின்வாங்கியது.

அக்காவின் கருவி வயரும் துடைப்பும் கண்டவுடன் கணினியில் தெரிந்தது. உடனே ஐரியூன்ஸ் தானாகத் திறந்து, இது வேறொரு நூலகத்தோடு இணைந்தது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு இதனோடு ஒத்திசைக்கவா என்று கேட்டது. அன்னுல்லா. விண்டோசில் செருகும்போதே கொன்ட்ரோல், ஷிப்ட் இரண்டு விசைகளையும் பிடித்துக்கொண்டிருந்தால் தானாக ஒத்திசைக்கத் தொடங்காது. அதை நான் முன்கூட்டியே செய்திருக்க வேண்டும்.

பிறகு, மறைந்த கோப்புகளைக் காட்டு என்று விண்டோசுக்குச் சொல்லி, ஐபொட் தட்டைத் திறந்தேன். 'ஐபொட் கொன்ட்ரோல்' என்ற உறைக்குள் 'மியூசிக்'. அதற்குள் எப் பூச்சியம் பூச்சியம், எப் பூச்சியம் ஒன்று என்று வரிசையாக உறைகள். பாட்டுகள் எல்லாம் நான்கெழுத்துப் பெயர்களோடு அவற்றுக்குள் சிதறிக் கிடக்கும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உண்மையான தலைப்பு ஒவ்வொரு கோப்புக்குள்ளும் எழுதப்பட்டிருக்கும். முழு உறையையும் கணினிக்குப் படியெடுத்தேன். அப்பிள் நிறுவனம் 2022 மே மாதம் ஐபொட் வரிசையையே முடித்துவிட்டது. அப்பிள் கணினிகளில் ஐரியூன்ஸ் 2019லேயே விடைபெற்றது, அந்த வேலையை இப்போது பைண்டர் பார்க்கிறது. இருந்தும் இந்த உறையைத் திறக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஐபொட் அல்லாத கருவிகள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றின் அமைப்புப் பட்டியலில் எம்.டி.பி, எம்.எஸ்.சி என்று இரண்டு இணைப்பு முறைகள் இருக்கும். ஒன்று சரிவராவிட்டால் மற்றதை மாற்றிப் பாருங்கள். ஐரோப்பாவில் விற்ற சில விண்டோஸ் பதிப்புகளின் பெயரில் 'என்' என்ற எழுத்து ஒட்டியிருக்கும். 2004இல் ஐரோப்பிய ஆணைக்குழு மைக்ரோசொப்டுக்கு 497 மில்லியன் யூரோ தண்டம் விதித்து, பாட்டு மென்பொருளைச் சேர்க்காத விண்டோசும் விற்கச் சொன்னதன் பிள்ளை அது. அந்தப் பதிப்பில், விடுபட்ட ஊடகப் பொதியை இலவசமாக இறக்கிச் சேர்க்கும் வரை எம்.டி.பி கருவிகள் வேலை செய்யாது. கருவியில் குறை இல்லை, கணினியிலும் குறை இல்லை, தீர்ப்பில்தான் வினை.

சில வேளை எதுவும் செய்யாமல் இருப்பதே மருந்து. மைக்ரோசொப்டின் சூன் 30 என்ற கருவிகள் 2008 டிசெம்பர் 31 அன்று உலகமெங்கும் ஒரே நாளில் உறைந்து நின்றன. அது நெட்டாண்டு. வருடத்தின் 366ஆம் நாளை என்ன செய்வதென்று உள்ளே இருந்த கடிகாரத்துக்குத் தெரியவில்லை. பற்றரியைத் தீரவிட்டு, மறுநாள் மத்தியானம் கழித்து சார்ஜ் ஏற்றச் சொன்னார்கள். சரியாகிவிட்டது. ஆண்டு முடிவுக் கணக்கில் ஒருநாள் இடித்தால் வருகிற வலி எனக்குத் தெரியும்.

அக்கா வீட்டுக்குத் திரும்புவோம். இருபத்துமூன்று கோப்புகள் வந்தன. தலைப்பைப் பார்த்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. எம், ஜி, ஒரு அரைப்புள்ளி, மீண்டும் ஜி, எச். மகன் வைத்த பெயர்கள் வழியில் கெட்டுப்போய்விட்டன என்றுதான் நினைத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார்.

"தம்பி, அது பாமினி. நான்தான் அடிச்சனான்" என்றார்.

பாமினி எழுத்துருவில் அந்த ஐந்து விசைகளையும் தட்டினால் வருவது 'அப்பா'. இருபத்துமூன்றுக்கும் அதே தலைப்பு, பின்னால் ஒரு எண். யுனிகோட் பழக்கத்துக்கு வருமுன் நம்மவர்கள் தமிழ் அடித்தது இப்படித்தான். உங்கள் பழைய பாட்டுத் தலைப்புகளும் இப்படிக் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பாமினியை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

நான்காவது கோப்பை ஓடவிட்டோம். தகப்பனார் மழையைப் பற்றியும், மாட்டைப் பற்றியும், யாருடையதோ கலியாணத்தைப் பற்றியும் கதைக்கிறார். பின்னணியில் சைக்கிள் சங்கிலி கிறீச்சிடுகிறது. மிதிக்கிறவர் களைத்து மெதுவானால் பதிவு நாடாவும் மெதுவாக ஓடியிருக்கும். இப்போது சரியான வேகத்தில் கேட்கும்போது அந்த இடங்களில் அவர் குரல் கீச்சென்று விரைகிறது. அதைச் சரிப்படுத்த மென்பொருள் இருக்கிறது, செய்து தரவா என்று கேட்டேன்.

"வேண்டாம். அது தம்பி மிதிக்கிறது. அவனும் இப்ப இல்லை" என்றார் அக்கா.

இப்போது ஒரு பிரதி அக்காவின் கணினியில், ஒன்று மகனிடம், ஒன்று என் அலுவலக அலமாரியில். பதினேழாவது கோப்பு மட்டும் பாதி வசனத்தில், "மறுபக்கத்தில சொல்லுறன்" என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த மறுபக்கத்தை மற்ற இருபத்திரண்டிலும் தேடினோம், கிடைக்கவில்லை. ஏதாவதொரு உறைக்குள் படியெடுக்கத் தவறிய கோப்பு இருக்கலாம். வருகிற ஞாயிறு திரும்பவும் போகிறேன்.